நாய்க்குட்டி சுருண்டு படுத்தால்... டாக்டரிடம் ஓடுவது எப்போது?

ஒரு டம்ளர் தண்ணீர் உடம்பை விட்டுப் போனாலே உயிருக்கு ஆபத்து!

சென்னை வேப்பேரியில் இருக்கிறது, கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. "மாட்டாஸ்பத்திரி" என்று சொன்னால்தான் பழைய ஆட்டோ டிரைவர்களுக்குப் புரியும்.

1903-ம் ஆண்டு தொடங்கிய கல்லூரி இது. பேச்சில்தான் மாடு. வாசலில் பார்த்தால் நாய்கள்!

துணிப்பையில், பிளாஸ்டிக் கூடையில், துண்டில் சுற்றி மடியில்... குட்டிகளைத் தூக்கிக் கொண்டு வருகிறார்கள். சில குட்டிகள் எட்டிப் பார்க்கின்றன. சில குட்டிகள் தலையைத் தூக்குவதே இல்லை.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்பது எந்த டாக்டரும் கேட்கும் முதல் கேள்வி.

"முந்தாநாள்லேருந்து சார். தானா சரியாயிடும்னு பார்த்தோம்" என்பது பலரும் சொல்லும் பதில்.

அந்த "பார்த்தோம்" என்பதில்தான் பல குட்டிகளின் உயிர் போய் விடுகிறது.

பெரிய நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் தாங்கும். குட்டி தாங்காது. அதற்கு நாள் கணக்கு கிடையாது. மணிக் கணக்குதான்.

ஏன் அப்படி?

இதைப் புரிந்து கொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். மளிகைக் கடைத் தராசு போதும்.

இரண்டு மாதத் தெருநாய்க் குட்டி ஒன்றின் எடை 2 கிலோ என்று வைத்துக் கொள்ளுங்கள். நாலைந்து தடவை வாந்தி, நாலைந்து தடவை பேதி. மொத்தம் 200 மில்லி தண்ணீர் வெளியே போய் விட்டது. அதாவது, ஒரு டம்ளர்!

ஒரு டம்ளர்தானே என்று தோன்றும். ஆனால் அது அந்தக் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 60 கிலோ எடை உள்ள ஆள் 6 லிட்டர் தண்ணீரை இழந்ததற்குச் சமம். அந்த ஆளை யாராவது பாயில் படுக்க வைத்து, "காலையில பார்க்கலாம்" என்பார்களா?

இன்னொன்றும் இருக்கிறது. குட்டியின் உடம்பில் சர்க்கரை இருப்பு மிகவும் குறைவு. இரண்டு மூன்று வேளை வயிறு காய்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி விடும். குட்டி தள்ளாடும். நடுங்கும். வலிப்புகூட வரும். பொம்மை போல இருக்கும் சிறிய ஜாதிக் குட்டிகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

தூக்கமா, சோர்வா?

குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் தூங்கும். அது வியாதி அல்ல. தூக்கத்தில் கால்களை உதறும், "ஊம் ஊம்" என்று முனகும். அதுவும் வியாதி அல்ல. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழித்துக் கொள்ளும்.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?

சோற்றுத் தட்டைத் தரையில் தட்டிப் பாருங்கள். நன்றாக இருக்கும் குட்டி, எந்தத் தூக்கத்தில் இருந்தாலும் எழுந்து ஓடி வரும். வால் ஆடும். தட்டுச் சத்தம் கேட்டும் கண்ணை மட்டும் திறந்து பார்த்து விட்டு மறுபடி மூடிக் கொண்டால், அது தூக்கம் அல்ல. சோர்வு.

வாந்தியை விட, பேதியை விட, முக்கியமான அடையாளம் இதுதான்.

அவசரமாக விழுங்கி விட்டு ஒரு தடவை கக்கும். உடனே வாலை ஆட்டிக் கொண்டு செருப்பைக் கடிக்க ஓடும். ஒன்றும் பயம் இல்லை. சாப்பாட்டை மாற்றினால் ஒரு நாள் இளகிப் போகும். அதற்கும் பயம் இல்லை. பசும்பால் பல குட்டிகளுக்கு ஒத்துக் கொள்ளாது. பாலை நிறுத்தினாலே பேதி நின்று விடும். தடுப்பூசி போட்ட அன்று கொஞ்சம் மந்தமாகக் கிடப்பதும் உண்டு. மறுநாள் சரியாகி விடும். (ஊசி போட்டதும் முகம் வீங்கினால் மட்டும், வந்த வழியே திரும்பி டாக்டரிடம் ஓட வேண்டும்.)

குட்டி விளையாடுகிறது, தண்ணீர் குடிக்கிறது, குடித்த தண்ணீர் வயிற்றில் நிற்கிறது என்றால் ஒரு நாள் கவனித்துப் பார்க்கலாம்.

சோர்வும் வாந்தியும் சேர்ந்து வந்தால் பார்க்கக் கூடாது. சோர்வும் பேதியும் சேர்ந்தாலும் அப்படியே. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். தடுப்பூசி முழுவதும் போடாத குட்டி என்றால், சட்டையை மாட்டிக் கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

"பார்வோ" பயங்கரம்!

இவ்வளவு அவசரப்படுத்தக் காரணம், ஒரு வைரஸ் கிருமி. அதன் பெயர் "பார்வோ".

1978-ம் ஆண்டுக்கு முன்பு இந்த நோயை டாக்டர்கள் கண்டதில்லை. அந்த ஆண்டில் பல நாடுகளில் நாய்கள் ரத்த ரத்தமாகப் பேதி போய்ச் செத்து விழுந்தன. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரசின் நெருங்கிய உறவுக்காரன் இது என்று தெரிய வந்தது. 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் நுழைந்து விட்டது. அன்று வந்தது, இன்று வரை போகவில்லை.

ஒன்றரை மாதம் முதல் ஆறு மாதம் வரை உள்ள குட்டிகள்தான் இதற்கு முக்கிய இரை.

நோய் கண்ட நாயின் மலத்தில் இருந்து இது பரவுகிறது. அந்த மலத்தைக் குட்டி மோந்து பார்த்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தெருவில் மிதித்த செருப்போடு வீட்டுக்குள் வந்து விடும். "எங்க குட்டி வாசப்படியே தாண்டாதே!" என்று பலர் ஆச்சரியப்படுவார்கள். குட்டி தாண்டவில்லை. எஜமானரின் செருப்பு தாண்டியது!

கிருமி உள்ளே போய் 3 முதல் 7 நாள் வரை வெளியே தெரியாது. பிறகு முதல் நாள், சாப்பாடு வேண்டாம் என்று மூலையில் படுக்கும். அடுத்து வாந்தி. முதலில் சோறு, பிறகு மஞ்சள் தண்ணீர், பிறகு வெறும் நுரை. அதன் பிறகு பேதி. அதில் ரத்தம் கலந்து, வீடு முழுவதும் ஒரு கெட்ட நாற்றம் அடிக்கும். ஒரு தடவை அனுபவப்பட்டவர்கள் அந்த நாற்றத்தை மறக்க மாட்டார்கள்.

குடலின் உள்தோலைக் கிருமி அரித்து விடுகிறது. கூடவே எலும்பு மஜ்ஜையைத் தாக்கி, ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களைக் குறைக்கிறது. கோட்டைச் சுவர் இடிந்தது. காவல்காரனும் இல்லை. குடலில் இருக்கும் சாதாரணக் கிருமிகள் ரத்தத்தில் புகுந்து விடுகின்றன.

அறிகுறி தோன்றி இரண்டு, மூன்று நாளில் கதை முடிந்து விடலாம். வைத்தியமே செய்யாத குட்டிகளில் பெரும்பாலானவை இறந்து விடுகின்றன. சீக்கிரம் டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, மருந்து கொடுத்த குட்டிகளில் பெரும்பாலானவை பிழைத்துக் கொள்கின்றன. வைரசைக் கொல்லும் மந்திர மாத்திரை எதையும் அங்கே கொடுப்பதில்லை. உடம்பு தன்னைத் தானே மீட்டுக் கொள்ளும் வரை தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் ரத்தக் குழாய் வழியாகப் போகின்றன. அதுதான் வைத்தியம். அதை எப்போது தொடங்குகிறோம் என்பதுதான் கேள்வி.

மனிதர்களுக்கு இந்த நோய் ஒட்டாது. குழந்தைகளைப் பற்றிய பயம் வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

"ஊசி போட்டாச்சே!"

"ஒரு ஊசி போட்டாச்சு, அப்புறம் எப்படி வந்துச்சு?" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அதற்குக் காரணம் தாய்ப்பால்.

சீம்பாலில் வரும் எதிர்ப்புச் சக்தி, குட்டியைச் சில வாரம் காப்பாற்றுகிறது. ஆனால் அதே சக்தி, நாம் போடும் ஊசியையும் வேலை செய்ய விடாமல் தடுத்து விடுகிறது. அது எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் தீரும் என்று வெளியே தெரியாது. அதனால்தான் 6 அல்லது 8 வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் ஆகும் வரை ஊசி போடுகிறார்கள். நடுவில் நிறுத்தினால் பாதிப் பாலம் கட்டிய கதைதான்.

இரவு 11 மணி!

புரசைவாக்கத்தில் ஒரு குமாஸ்தா வீடு என்று வைத்துக் கொள்வோம். சாப்பாடு முடிந்து பாய் விரித்தாகி விட்டது.

"என்னங்க, மணி மூணாவது தடவையா வாந்தி எடுத்துடுச்சு" என்கிறார் மனைவி.

"காலையில பார்க்கலாம் விடு. இந்த நேரத்துல எந்த டாக்டர் இருப்பாரு? மாசக் கடைசி வேற..."

"அப்பா, மணி கூப்பிட்டா எழுந்திருக்க மாட்டேங்குதுப்பா" என்று பையன் அழத் தொடங்குகிறான்.

காலை வரை தாங்குமா, தாங்காதா? மாசக் கடைசியில் இது சின்னக் கேள்வி அல்ல. அழுகையும் கோபமும் இதற்குப் பதில் சொல்லாது. குட்டியின் உடம்பே சொல்லும்.

முதலில், குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறத்தில் ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால், காய்ந்து பிசுபிசு என்று ஒட்டினால், நிறம் திரும்ப நேரம் எடுத்தால், காலை வரை காத்திருக்க முடியாது. (சில குட்டிகளுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அப்போது கண்ணின் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்க்கலாம்.)

அடுத்தது, பிடரித் தோல். இரண்டு விரலால் தூக்கி விட்டால், உடனே பழையபடி படிய வேண்டும். கூடாரம் போட்டது போல அப்படியே நின்றால் உடம்பில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம்.

வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால் நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் மெதுவாக வைத்துப் பார்க்கலாம். (அந்தத் தெர்மாமீட்டரை அப்புறம் நாய்க்கே ஒதுக்கி விடுங்கள்!) நாய்க்குச் சாதாரணச் சூடே 101 முதல் 102½ டிகிரி வரை இருக்கும். நம் கணக்கில் காய்ச்சல்; அதன் கணக்கில் சுகம். 103-ஐத் தாண்டினால் டாக்டர் பார்க்க வேண்டும். 104-ஐத் தாண்டினால் உடனே.

சூடு குறைந்தால் நல்லது என்று நினைத்து விடக் கூடாது. 99-க்குக் கீழே இறங்கி, காதும் பாதமும் சில்லிட்டுப் போன குட்டிதான் காய்ச்சல் குட்டியை விட மோசமான நிலையில் இருக்கிறது.

"மணி"யின் ஈறு சிவப்பாக இருக்கிறது, தோல் உடனே படிகிறது, இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிற்றில் நிற்கிறது என்றால், காலை 6 மணி வரை விழித்திருந்து பார்த்து, கதவு திறக்கும்போது கிளினிக் வாசலில் நிற்கலாம்.

ஈறு வெளுப்பு, பேதியில் ரத்தம், குடித்த தண்ணீரையே கக்குதல், வலிப்பு, மூச்சுத் திணறல், வயிறு தவில் மாதிரி உப்பி வெறும் ஓங்கரிப்பு... இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்கக் கூடாது. சென்னையில் இரவில் பார்க்கும் தனியார் கிளினிக்குகள் இருக்கின்றன. பக்கத்தில் எது என்பதைக் குட்டி வாங்கிய வாரமே விசாரித்து, நம்பரைப் போனில் போட்டு வைத்துக் கொள்வது நல்லது. 11 மணிக்குத் தேடினால் கை நடுங்கும்.

பணம்? தனியார் இடத்தில் நாலு நாள் டிரிப் ஏற்றினால் ஆயிரக் கணக்கில் ஆகும். மறைத்துப் பயன் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் செலவு குறைவு. கையில் இருப்பது இவ்வளவுதான் என்று முதலிலேயே டாக்டரிடம் சொல்லி விடலாம். அதற்குள் என்ன செய்ய முடியுமோ, அதைச் செய்வார். வெட்கப்பட்டுக் கொண்டு வீட்டிலேயே வைத்திருந்தால் முதல் நாளில் முடிய வேண்டியது மூன்றாம் நாளில் பெரிய செலவாகி விடும்.

வீட்டு அலமாரி மாத்திரை

குட்டிக்கு உடம்பு சூடாக இருந்தால் பாரசிட்டமாலில் கால் துண்டு உடைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது! அளவு கொஞ்சம் தப்பினாலும் ஈரலும் ரத்தமும் கெடும். வலி மாத்திரையான இப்யூபுரூபன் இன்னும் மோசம். குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். பேதியைக் கட்டும் மாத்திரையும் வேண்டாம். வெளியேற வேண்டிய விஷம் உள்ளேயே தங்கி விடும்.

"கண்ணு பட்டுடுச்சு" என்று சுற்றிப் போடுவதால் குட்டிக்குக் கெடுதல் இல்லை. சுற்றிப் போட்டு விட்டுச் சும்மா இருப்பதில்தான் கெடுதல்!

சங்கில் பால் புகட்டுவது போலத் தலையை அண்ணாத்திப் பிடித்துக் கஞ்சியோ மோரோ ஊற்றுகிறார்கள். சோர்ந்த குட்டிக்கு விழுங்கத் தெம்பு இருக்காது. ஊற்றியது மூச்சுக் குழாயில் போய் நிமோனியா வந்து விடும். தானாக நக்கிக் குடித்தால் மட்டும், வாந்தி இல்லாத குட்டிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கலாம். தள்ளாடி விழும் குட்டிக்கு, போகும் வழியிலேயே தேனையோ சர்க்கரைப் பாகையோ விரலில் தொட்டு ஈறில் தடவலாம். அது ஆட்டோவில் செய்கிற முதல் உதவி. ஆட்டோவுக்குப் பதில் அல்ல.

பேதி இல்லாமலும் வரும்

கண்ணில் பீளை, மூக்கில் சளி, இருமல், காய்ச்சல் என்று தொடங்கி, பிறகு வாய் தானாக மெல்லுவது போல வெட்டி இழுத்தால் "டிஸ்டெம்பர்" என்ற நோயாக இருக்கலாம். அதற்கும் தடுப்பூசிதான் வழி. உண்ணி மொய்த்த குட்டிக்கு ஈறு வெளுத்து, மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சல். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானை போல இருந்தால் பூச்சி. இது அவசரம் அல்ல. ஆனால் பூச்சி மருந்தையும் எடைக்குத் தக்கபடி டாக்டர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

எலி மருந்து தின்றதைப் பார்த்தால், குட்டி நன்றாக ஓடியாடினாலும் உடனே கொண்டு போக வேண்டும். சில வகை எலி மருந்து, தின்ற அன்று ஒன்றும் செய்யாது. மூன்று, நாலு நாள் கழித்து உள்ளே ரத்தம் கசியத் தொடங்கும். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது பழைய பழக்கம். அந்த உப்பே குட்டியைக் கொன்று விடும்.

வாய்க்குள் கை விடாதீர்கள்!

குட்டி விழுங்க முடியாமல் எச்சில் வடிக்கிறது. குரல் மாறி இருக்கிறது. "தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு" என்று வீட்டில் ஒருவர் வாய்க்குள் விரலை விடுவார்.

எலும்பாக இருக்கலாம். வெறிநோயாகவும் இருக்கலாம்! குட்டிதானே, அதற்கு எங்கே வெறி பிடிக்கும் என்பது தவறு. தெருவில் கடிபட்ட குட்டிக்கும் வெறிநோய் வரும். கையால் தொடாமல், கனத்த துணி போட்டுக் கூடையில் வைத்து டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். அங்கே முன்கூட்டியே சொல்லி விட வேண்டும்.

பல்லோ நகமோ பட்டு விட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி விட்டு, அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பது பழைய காலம். இப்போது கையில் போடுகிற சில ஊசிகள்தான். தள்ளிப் போட்டால் இந்த நோய்க்கு மருந்து கிடையாது.

கூடையில் கொண்டு போங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது குட்டியைத் தரையில் விடாமல் பழைய பேப்பர் விரித்த கூடையில் வைத்திருப்பது நல்லது. உங்கள் குட்டிக்கு "பார்வோ" என்றால் அது வரிசையில் நிற்கும் மற்றக் குட்டிகளுக்குப் பரவும். இல்லை என்றால், அங்கிருந்து உங்கள் குட்டிக்கு வரும். ரத்த பேதி என்றால் டோக்கன் வாங்கும்போதே சொல்லி விட்டால் தனியாக உட்கார வைப்பார்கள்.

தடுப்பூசிப் புத்தகத்தை மறக்க வேண்டாம். வாந்தியையும் பேதியையும் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தால், பத்து நிமிட விளக்கம் மிச்சம். கொஞ்சம் மலத்தைச் சின்ன டப்பாவில் கொண்டு போனால் இன்னும் நல்லது. எதையாவது தின்றிருந்தால் அதன் அட்டையோ பாக்கெட்டோ கையில் இருக்கட்டும்.

பினாயில் போதாது

குட்டி பிழைத்து வீட்டுக்கு வந்ததும், பட்டினி கிடந்த ஏக்கத்தில் கேட்டதை எல்லாம் போடத் தோன்றும். பிரியாணி எலும்பு வேண்டாம். குழைந்த சோறும் வெந்த கோழிக் கறியும், காரம் இல்லாமல், கைப்பிடி அளவு, நாலைந்து வேளையாகக் கொடுக்கலாம். நோய் தீர்ந்த பிறகும் இரண்டு வாரம் வரை மலத்தில் கிருமி போய்க் கொண்டிருக்கும். அதுவரை தெருவில் விடக் கூடாது.

குட்டி கிடந்த இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவி விட்டு நிம்மதியாக இருப்பார்கள். பினாயிலுக்கு இந்தக் கிருமி சாகாது. மலத்தை முழுவதும் எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு பிளீச்சிங் கரைசல் ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விட வேண்டும். மண் தரையில் அதுவும் முழுப் பலன் தராது. நிழலான மண்ணில் கிருமி மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும்.

குட்டியைப் பறிகொடுத்த வீடுகளில், பிள்ளைகளின் அழுகையை நிறுத்த அடுத்த வாரமே இன்னொரு குட்டியைக் கொண்டு வந்து, அதே கோணிப்பையில் படுக்க வைக்கிறார்கள். அந்தக் கோணியை எரித்து விட வேண்டும். புதிய குட்டியை ஊசிகள் எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் அந்த வாசலுக்குள் கொண்டு வர வேண்டும்.